யோர்கனைக் கரைக்கு வரச் சொல்லுங்கள்

மூன்று வாரமாக அந்தப் பெயரை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெயருக்குச் சொந்தக்காரரான கிழவர் சீல் வேட்டைக்குப் போய்த் திரும்பி, தோல் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து பெயர் தூங்குகிறது. அவர் மகள் இனாலுக் அப்போது நிறைமாதம். ஆணோ பெண்ணோ, பிள்ளை பிறந்து அந்தப் பெயரை அதற்கு வைத்தால் கிழவரே திரும்பி வந்த மாதிரி; அதுவரை யாரும் சொல்லக் கூடாது. பாதி வழியில் இருக்கிற பெயரைக் கூப்பிட்டால் அது கூப்பிட்ட பக்கம் திரும்பிவிடும், பிள்ளையிடம் போய்ச் சேராது என்பார்கள். ஊர்க் கட்டுப்பாடு கதை சொல்கிறவனுக்கும் சேர்த்துத்தான். நானும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அதே பெயர்க்காரன் ஊரில் இன்னொருவனும் இருந்தான். எகிலானாவின் புருஷன். அவன் கரடி வேட்டைக்கு வடக்கே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் பேச்சில் வந்துகொண்டேதானே இருப்பான்? அதற்காக ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் வைத்த இரண்டாம் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். யோர்கன். தலையில் தண்ணீர் ஊற்றிய அன்று ஒரு தடவை சொன்னதோடு சரி, அதற்கப்புறம் அவனை அப்படிக் கூப்பிட்டவர் கிடையாது. ஆனாலும் ஊர் வாய்க்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும். யோர்கனின் நாய், யோர்கனின் படகு, யோர்கன் எப்போது வருவான் என்று மூன்று வாரத்தில் எகிலானாவுக்கே அது புருஷன் பெயராகிவிட்டது.

கிழவர் இருந்தவரை அவர் மனைவி அர்னாக்குக்கும் எகிலானாவுக்கும் ஒரு வேடிக்கை இருந்தது. ஒரே பெயருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் என்பதால், எங்கே பார்த்தாலும் "என்னடி சக்களத்தி, நம்ம ஆளு சாப்பிட்டாரா?" என்பாள் அர்னாக். "அவரா? மூணு தடவை கூப்பிட்டாத்தானே வருவாரு, அக்கா," என்பாள் எகிலானா. அது கிழவரைப் பற்றிய கிண்டல். எதற்குக் கூப்பிட்டாலும் அந்த மனிதர் மூன்றாவது தடவைதான் காதில் வாங்குவார். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான், வலை இழுக்கவும் அப்படித்தான். அவர் போன பிறகு அர்னாக் சக்களத்தி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. எதிரில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். எகிலானாவுக்கு அது மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

இனி எகிலானாவின் வேலையைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கு மேலே சரிவில் நான்கு காதுகள் இருக்கின்றன. ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். நடுவில் ஒரு பெட்டி, பெட்டியைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரிக் குழாய்கள், குழாய் நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகள். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியலைகளை அவை பிடிக்கும். தெற்கே பெருங்கடலில் புயல் அடித்தால் அதன் முனகல், எங்கோ ஒரு எரிமலை செருமினால் அது, விண்கல் வெடித்தால் அது, பனியாற்றின் முகப்பு உடைந்து கடலில் விழுந்தால் அது. எந்தக் காதுக்கு முதலில் கேட்டது, எதற்குக் கடைசியில் கேட்டது என்று பார்த்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சரிவிலேயே ஒரு குடில், அதற்குள் ஒரு திரை. திரையில் ஓடும் கோடுகளை எகிலானா இங்கேயிருந்து பார்ப்பாள். அதே கோடுகளைக் கோபன்ஹேகனில் உட்கார்ந்து அஸ்கெர் பார்ப்பான். இந்த வேலையில் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது மூத்த மகள் தெற்கே கல்லூரியில் படிக்கிறாள். இடையில் ஒருநாள்கூடப் பதிவு அறுந்ததில்லை. இது அவளுக்கு உள்ளூரப் பெருமை; வெளியே கேட்டால் குழாய் கழுவுகிற வேலை என்பாள்.

ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வேறு. "காத்துக்குக் காது குத்துறவ."

அன்று காலை காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது. இனாலுக்குக்கு வலி கண்டு பத்து மணி நேரம் தாண்டிவிட்டது. பிள்ளை இறங்கவில்லை. போன தடவை இப்படித்தான் இழுத்துக்கொண்டே போய்ப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். ஹெலிகாப்டருக்குச் சொல்லியாயிற்று, காற்று அடங்கினால்தான் கிளம்புவோம் என்றார்கள். அந்தத் தகவலுக்காக அர்னாக் வீட்டில் ரேடியோவைத் திறந்தே வைத்துக்கொண்டு தாதி காத்திருந்தாள். எகிலானா குடிலுக்கு ஏறும்போது அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். திரை மூடியிருந்தது. நின்று விசாரிக்கத் துணிவில்லாமல் நடந்தாள்.

குடிலில் திரையைப் பார்த்ததும் அந்தக் கவலை ஒதுங்கி வேறொன்று வந்து உட்கார்ந்தது. கோட்டில் சின்னச் சின்னத் திமில்கள். நேற்றுக்கூட இருந்தவைதான். ஆனால் நேற்று ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு காபி குடித்து முடிக்கலாம். இன்று கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

போன் அடித்தது. அஸ்கெர்.

"பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நெருங்கி நெருங்கி வருது."

"போன தடவை முகப்பு மொத்தமா விழுந்துச்சே, அதுக்கு முந்தின நாள் பதிவை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அச்சு அசல் இதேதான்."

"அதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான் வந்துச்சு. ஒண்ணுமில்லாம அடங்கிடுச்சு. நான் ஊரையே கிளப்பி விட்டுட்டு, ஆறு மாசம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"எந்தப் பக்கம் காட்டுது உங்களுக்கு?"

"சின்னநாக்குப் பக்கம்." சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஊருக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே புகுந்த கடற்கழியில் கடலை நக்குகிற மாதிரி இரண்டு பனியாறுகள் இறங்குகின்றன, பெருநாக்கு, சின்னநாக்கு என்று. சின்னநாக்கின் முன்னால் இந்தப் பருவத்தில் ஈ காக்கை கிடையாது. பெருநாக்கின் முன்னால்தான் உறைந்த கடலில் ஓட்டை போட்டு ஹாலிபட் மீன் பிடிப்பார்கள். வடக்கே போன அவள் புருஷனும் நேற்று அங்கே வந்து கூடாரம் அடித்திருந்தான். மீன் ஏற்றி வந்த ஒருவன் தூரத்திலிருந்து கையை ஆட்டிவிட்டு வந்து, "யோர்கன் வந்தாச்சு, பெருநாக்கு வட கோடியில இருக்கான்," என்று சொல்லியிருந்தான்.

"மூணு காது மட்டும் சொல்ற திசையை நான் நம்ப மாட்டேன்," என்றான் அஸ்கெர். "நாலாவது காது காலையிலிருந்து செத்துக் கிடக்கு."

"சாகலை. உள்ள ஏதோ அடைச்சிருக்கு."

"ரெண்டு நாக்குக்கும் நடுவுல ஒரு விரல்கடை தூரம்தான், எகிலானா. அந்த நாலாவது இல்லாம எது எதுன்னு என்னால சொல்ல முடியாது. உங்களாலயும் முடியாது. அதோட காத்து ஏறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல நாலுமே செவிடாயிரும்."

அவன் சொன்னது சரி என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் வந்தது. "அங்க உக்காந்துக்கிட்டு ஈசியாச் சொல்லிடுவீங்க," என்று வைத்துவிட்டு, பிளாஸ்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

நாலாவது காதுதான் எல்லாவற்றிலும் உயரத்தில் இருப்பது. காற்று குனிய வைத்துத் தள்ளியது. பனி உருகும் காலம். பகலில் உருகிய நீர் ஒரு மூட்டு வழியாகக் குழாய்க்குள் இறங்கி, மறுபடி உறைந்து கல்லாகிக் கிடந்தது. கத்தி முனையால் நோண்டினாள். வரவில்லை. கையுறையைக் கழற்றிக் கையால் பொத்திப் பார்த்தாள். விரல்தான் மரத்தது. கடைசியில் பிளாஸ்கைத் திறந்து, சூடான காபியை மூட்டின் மேல் ஊற்றினாள். அரசாங்கக் கருவிக்குக் காபி கொடுத்ததைக் கேட்டால் கோபன்ஹேகனில் எவனாவது மயங்கி விழுவான். விழட்டும். பனிக்கட்டி நெகிழ்ந்தது, ஒரு தட்டுத் தட்டினாள், விரல் நீளத் துண்டு வெளியே வந்து விழுந்தது. மூட்டை இறுக்கி, காற்று நேரே அடிக்காமல் குழாய்மேல் பனியை வாரி மூடிவிட்டுச் சறுக்காத குறையாக ஓடி வந்தாள்.

குடிலுக்குள் போன் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது.

"கேக்க ஆரம்பிச்சுடுச்சு," என்றான் அஸ்கெர்.

"சொல்லித் தொலைங்க."

"பெருநாக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். திமில்களுக்கு நடுவில் இடைவெளி என்று சொல்ல இப்போது ஒன்றும் இல்லை.

ஊரில் பெருநாக்கு வரைக்கும் எட்டக்கூடிய ரேடியோ ஒன்றே ஒன்றுதான். ஊர்க் கடையின் கூரைமேல் கம்பம் வைத்த அது கடைக்காரன் கிதியோன் கையில். எகிலானா போனைச் சுழற்றினாள்.

"அண்ணே, யோர்கனைக் கரைக்கு வரச் சொல்லுங்க. இப்பவே. பெருநாக்கு முன்னாடி நிக்கவே வேண்டாம்னு சொல்லுங்க."

"மறுபடியுமா தங்கச்சி? போன தடவை நீ சொன்னேன்னு தூண்டில் கயிறு மொத்தத்தையும் விட்டுட்டு வந்தவங்க இன்னும் என்னைத் திட்டுறானுங்க."

"என்னைத் திட்டச் சொல்லுங்க. உயிரோட வந்து திட்டச் சொல்லுங்க."

அவள் குரல் கிதியோனுக்குப் புரியும். அவன் ஒலிவாங்கியை எடுப்பதும், "யோர்கன், யோர்கன், பெருநாக்கு முன்னாடி இருந்து கிளம்பு, கரைக்குப் போ," என்று சொல்வதும் போனில் கேட்டது. பதில் இல்லை. மறுபடி சொன்னான். பதில் இல்லை. எகிலானா போனை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

கடைக்குள் தோட்டாப் பெட்டிகளுக்கும் பிஸ்கட் அடுக்குக்கும் நடுவில் கிதியோன் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு நின்றான். சத்தம் போடாதே என்பதுபோல் கையைக் காட்டினான். ரேடியோ கரகரத்தது. நடுவில் ஒரு மலை முகடு மறிப்பதால் பத்து வார்த்தை பேசினால் இரண்டுதான் வரும். அந்த இரண்டும் இப்போது வந்தன. அவள் புருஷனின் குரல்தான்.

"...யோர்கன்... கூடாரத்துல... எழுப்பப் போறேன்..."

கிதியோன் நிமிர்ந்தான். "என்னமோ சொல்றானே. யாரை எழுப்பப் போறானாம்?"

எகிலானாவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. கடைப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே... என் ஆளு ஊரை விட்டுப் போனப்ப பெரியவர் உயிரோட இருந்தாரு."

"ஆமா, அதுக்கென்ன?"

"என் ஆளுக்கு யாரு சொன்னா, அவர் பேரு இப்ப யோர்கன்னு?"



வடக்கே இருந்தவரைக்கும் ரேடியோ எட்டாது. கிழவர் செத்தது அவனுக்குத் தெரியாது. பெயர் தூங்குவது தெரியாது. தன்னைத்தான் ஊர் மொத்தமும் யோர்கன் யோர்கன் என்கிறது என்பது தெரியவே தெரியாது. நேற்று பார்த்தவனும் கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டான். ஒரு மனிதன் ஊரில் இல்லாதபோது அவனுக்குப் பெயரை மாற்றிவிட்டு, அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவன் பெண்டாட்டிக்கும் தோன்றவில்லை.

அவனைப் பொறுத்தவரை உலகத்தில் யோர்கன் என்று இருப்பது ஒரே ஆள், பக்கத்து ஊர் யோர்கன். அந்த யோர்கனின் கூடாரம் பெருநாக்கின் தென் கோடியில், பனிச் சுவரின் காலடியிலேயே நின்றது.

"ஆனா அந்த யோர்கன் அங்க இல்லையே," என்றான் கிதியோன். குரல் இறங்கிவிட்டது. "மீனை வித்துட்டு வீட்ல படுத்திருக்கான். காலைலதான் புகையிலை இருக்கான்னு ரேடியோவுல என்கிட்ட கேட்டான். கூடாரத்தை மட்டும் விட்டுட்டு வந்திருக்கான்."

"வெறும் கூடாரத்தை எழுப்ப இந்த மனுஷன் சுவருக்கு அடியில போறாரு."

போகிறவன்தான். பக்கத்தில் ஒருத்தன் ஆபத்தில் தூங்குகிறான் என்று கேட்டால் தன் தூண்டில், தன் மீன், தன் பெண்டாட்டி எல்லாவற்றையும் மறந்து வண்டியில் நாயைப் பூட்டுகிற ஜாதி. அதற்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது அதற்காகவே அவனை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது.

ஒலிவாங்கியைக் கிதியோன் கையிலிருந்து பிடுங்கினாள். "யோவ், நான்தான் பேசுறேன். யோர்கன் அங்க இல்ல. கேக்குதா? அந்தக் கூடாரத்துல யாரும் இல்ல. நீ திரும்பு. கரைக்குப் போ."

கரகரப்பு. அப்புறம், "...தெரியுது... யோர்கன்கிட்ட... சொல்றேன்... சீக்கிரம்..."

"இல்லய்யா! உன்னைத்தான் சொல்றேன்! நீ திரும்பு!"

"...நாய் வேகமாத்தான்..."

கிதியோன் அவள் கையைப் பிடித்தான். "நீளமாப் பேசாத. துண்டு துண்டாத்தான் போகுது அங்க. யோர்கன், சீக்கிரம், இது ரெண்டும்தான் அவன் காதுல விழுது. நீ பேசப் பேச இன்னும் வேகமா ஓட்டுவான். ஒத்த வார்த்தை சொல்லு. ஒரு வார்த்தைதான் முழுசாப் போகும்."

"திரும்புன்னு சொன்னா?"

"யோர்கனைத் திரும்பச் சொல்றேன்னு நினைச்சுக்குவான்."

ஒரு வார்த்தை. அது என்ன வார்த்தை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிதியோன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தங்கச்சி," என்றான், "அர்னாக் வீட்ல ரேடியோ திறந்திருக்கு."

தெரியும். ஹெலிகாப்டருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் இனாலுக் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், பிள்ளை பாதி வழியில் நிற்கிறது, பெயரும் பாதி வழியில் நிற்கிறது. இங்கே இவள் வாய் திறந்தால் அது அங்கே கேட்கும். பெயர் இவள் பக்கம் திரும்பும், பனிச் சுவரின் பக்கம் திரும்பும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எகிலானா சிரித்து மழுப்புவாள், கருவியோடு வாழ்ந்தவள். ஆனால் இந்த மூன்று வாரத்தில் தனியாகப் படுத்திருந்தபோதுகூட அந்தப் பெயரை அவள் உதட்டில் வரவிட்டதில்லை. இனாலுக்கின் முதல் பிள்ளைக்குச் சின்னப் பெட்டி செய்தபோது உள்ளே வைத்துத் தைக்கத் துணி கொடுத்தவள் எகிலானாதான். இன்னொரு பெட்டிக்குக் காரணமாகிவிட்டு அர்னாக்கின் முகத்தில் எப்படி விழிப்பாள்? கூப்பிடாமல் விட்டால், தன் வீட்டில் யார் முகத்தில் விழிப்பாள்?

சுவரில் தொங்கிய போன் அடித்தது. கிதியோன் எடுத்தான், கேட்டான், அவளைப் பார்த்தான். "கோபன்ஹேகன்காரர். திமில் எல்லாம் நின்னு போச்சாம். ஒண்ணுமே வரலையாம்."

நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடப் பதிவில் ஒவ்வொரு பெரிய விழுதலுக்கும் முன்னால் அந்த அமைதி வந்திருக்கிறது. எந்தத் தடவையும் அது வெகுநேரம் நீடித்ததில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"மாயாக்!"

ஜன்னலுக்கு வெளியே நடந்துபோன ஒரு பெண் அப்படியே நின்றாள்.

ரேடியோவில் வெறும் கரகரப்பு. பனியில் நாய்வண்டி ஓடும்போது காற்றும் நாய்களின் மூச்சும் சேர்ந்து காதை அடைக்கும். தலைக்கு மேல் ரோமக் குல்லாய் வேறு.

"மாயாக்!"

கிதியோன் சிலுவை போடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"மாயாக்!" மூன்றாவது முறை அது கூப்பிடல்கூட இல்லை, திட்டு. சாப்பாடு ஆறிப்போகிறது என்று வாசலில் நின்று கத்துவாளே, அந்தக் குரல்.

கரகரப்பு நின்றது. டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். பேச நேரமில்லாதபோது வேட்டைக்காரர்கள் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி விடுவார்கள். கேட்டது, செய்கிறேன் என்று பொருள். அவள் பிஸ்கட் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஊரிலிருந்த நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. ஒரு திக்கைப் பார்த்து நின்றன. மனிதருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் கண்ணாடிக் குப்பிகள் மட்டும் ஒன்றோடொன்று உரசி லேசாக நடுங்கின, நின்றன. போன் அடித்தது. இருவரும் எடுக்கவில்லை. என்ன சொல்வான் என்று தெரிந்த போனை எடுத்து என்ன ஆகப்போகிறது?

அவன் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் திரும்பியிருப்பான், கடல் பனி உடைந்துகொண்டே வந்தால் எவ்வளவு தூரம் வரும், நாய்கள் களைத்திருக்குமா என்றெல்லாம் மனது ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றையும் முழுதாக யோசிக்க முடியவில்லை. கிதியோன் ஒரு கோப்பையில் காபி ஊற்றி நீட்டினான். வாங்கிக் கையில் வைத்திருந்தாள். அது ஆறியது. அவன் அதை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினான். அதுவும் ஆறியது.

"எவடி அது, ஊரே கேக்க என் பேரைச் சொல்லிக் கூவுறது?"

குரல் சுத்தமாக, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் வந்தது. கரையேறி மேட்டுக்கு வந்துவிட்டான். மலை இனி மறிக்கவில்லை.

எகிலானாவால் பொத்தானை அழுத்த முடியவில்லை. கிதியோன்தான் அழுத்தினான். "நாயெல்லாம்?"

"எல்லாம் இருக்கு. கூடாரம் போச்சு, கயிறு போச்சு, கடலே ரெண்டாப் போச்சு. அண்ணே, அந்த யோர்கன்... என்னால போய்ச் சேர முடியலை. கூடாரம் இருந்த இடத்துல வெறும் தண்ணி." குரல் உடைந்தது. "நான் பாதியில திரும்பிட்டேன் அண்ணே. அவன் பொண்டாட்டிக்கு யார் சொல்றது?"

எகிலானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறியது. பொத்தானைப் பிடித்தாள்.

"அவன் பொண்டாட்டிக்குச் சொல்லியாச்சு. அவதான் பேசுறேன். யோர்கன் நீதான்யா, கிறுக்கா."

பிறகு மெல்ல, "பெரியவர் போயிட்டாரா?" என்றான். இந்த ஊர்க்காரன், அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

"போயிட்டாரு."

"அப்போ நீ இப்போ சொன்னது..."

"சொல்லிட்டேன். வீட்டுக்கு வா."

ரேடியோவை வைத்தாள். இத்தனை நேரமும் அந்த அலைவரிசையில் எல்லா வீடும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீடும் வாயைத் திறக்கவில்லை. அர்னாக் வீட்டிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம் அவளுக்குத்தான் என்று பட்டது.

"நான் வரட்டுமா கூட?" என்றான் கிதியோன்.

"வேண்டாம்ணே. சொன்னவ நான்."

தெரு நெடுகக் காற்று எதிராக அடித்தது. புருஷன் பிழைத்த சந்தோஷத்தை நெஞ்சில் எங்கே வைப்பது என்று தெரியாமல், திருடிய பொருளை மறைப்பதுபோல் மறைத்துக்கொண்டு நடந்தாள். சரிவில் நான்கு காதுகளும் காற்றில் செவிடாகிக் கிடந்தன. இன்றைய பதிவில் பெருநாக்கு விழுந்த திமில் பெரிதாக நிற்கும். அவள் கத்தியது அதில் இருக்காது. மனிதக் குரல் அந்தக் கருவிக்குக் கேட்காது. கேட்க வேண்டாத இடத்தில்தான் கேட்டிருக்கிறது.

கதவைத் தட்டக் கை வரவில்லை. நின்றாள். கதவு தானாகத் திறந்தது. அர்னாக். கை முழங்கை வரை ஈரம், கண்கள் சிவந்து சுருங்கியிருந்தன, முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"நீ கத்தினது கேட்டுச்சு," என்றாள்.

"அக்கா..." என்ற எகிலானாவுக்கு அதற்கு மேல் வரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "வேற வழி தெரியலைக்கா. அடிக்கணும்னா அடிங்க."

அர்னாக் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலையிலிருந்து தலை ஒரே இடத்துல நின்னுச்சு. இவளுக்கு முக்கவும் தெம்பு இல்ல. தாதி என்னைப் பாக்குறா, நான் அவளைப் பாக்குறேன். அப்பத்தான் ரேடியோவுல நீ கூப்பிட்டே. எனக்கு வந்த ஆத்திரத்துல அதைத் தூக்கி உடைச்சிருப்பேன். எழுந்தேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டே. ரேடியோகிட்ட போயிட்டேன், கையும் வச்சுட்டேன்." நிறுத்தினாள். "மூணாவது தடவை நீ கூப்பிட்டதும் இவ கத்தினா பாரு."

உள்ளேயிருந்து, பனியில் மாட்டிய நாய்க்குட்டி மாதிரி, ஒரு சின்ன அழுகை கேட்டது.

தாதியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். ரேடியோச் சத்தத்தில் இனாலுக் திடுக்கிட்டு முக்கினாள், அதுதான் விஷயம், அந்த நேரத்துக்கு ஒரு தகர டப்பா விழுந்திருந்தாலும் வந்திருக்கும் என்பாள். இருக்கலாம். அவள் தெற்கத்திக்காரி, அவளுக்குக் கிழவரைத் தெரியாது.

அர்னாக் எகிலானாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இனாலுக்கின் மார்பில் கறுத்த முடியோடு ஒரு பெண் குழந்தை கிடந்தது. கண்ணைத் திறக்க மாட்டேன் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. அர்னாக் குனிந்து, அதன் நெற்றியில் ஒட்டிய முடியை விரலால் ஒதுக்கினாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அதனிடம். "மூணு தடவை கூப்பிட்டாத்தான் வருவீங்க, இல்ல? அதுவும் நான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன், அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்டு வந்திருக்கீங்க."

பிறகு நிமிர்ந்து எகிலானாவைப் பார்த்தாள். மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தக் குறும்பு அவள் வாயோரத்தில் வந்து நின்றது.

"என்னடி சக்களத்தி, பாத்துக்கிட்டே நிக்கிறே?" என்றாள். "நம்ம ஆளு பனியில இருந்து வந்திருக்காரு. ஏதாவது சூடாப் போடு."